220 தினார் குதிரையும் 190 குதிரை பைக்கும்

இந்த எபிசோடு ஒரு பைக் ரிவ்யூவாத்தான் ஆரம்பிச்சுது. பாதி வழியில, பழையகாயல் பக்கம் ஒரு டீக்கடையில நிக்கும்போது அது வரலாறா மாறிடுச்சு. ரெண்டையும் பிரிக்க முடியல. அதனால சேர்த்தே சொல்லிடறேன்.

முதல்ல கதை. தூத்துக்குடியில எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். வயசு 38. துறைமுகத்துல சரக்கு கிளியரன்ஸ் பண்ற அலுவலகத்துல வேலை. எனக்கு பைக் ஓட்டக் கத்துக்கொடுத்தவர் அவர்தான். உப்பளத்துக்கு நடுவுல போற மண் ரோடு, பழைய ஆர்எக்ஸ் 100, பின்னாடி உக்காந்துக்கிட்டு "கிளட்ச விடாதல, விடாதல"ன்னு கத்தல். இருபது வருஷமா ஓட்டுறவர். பெரிய விபத்து ஒண்ணும் கிடையாது.

அவருக்குத் தெரிஞ்ச கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் தன்னோட 2021 மாடல் சுசூகி ஹயபுசாவை விக்கப் போறதாச் சொன்னார். அண்ணன் கிட்ட வீடு கட்டச் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கு. மீதிக்கு லோன் போடலாம்னு ஒரு கணக்கு. வண்டிக்காரர் ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கே கொண்டு வந்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கன்னு சாவியைக் கொடுத்துட்டார்.

முந்தின நாள் ராத்திரி மதினி என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, நீ இன்ஜினியர்தான. ஓட்டிப் பாத்துட்டு உள்ளதச் சொல்லு. ஒங்க அண்ணன்ட்ட சொல்லாண்டாம், என்ட்ட சொல்லு."

மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுற கூட்டத்துல நானும் ஒருத்தன். எஞ்சின் பத்தி நான் கடைசியா பரீட்சை எழுதினது நாலாவது செமஸ்டர்ல. நான் வச்சிருக்கிறது 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி, 47 குதிரை. ஆனா ஒரு வீட்டோட பணம் நான் சொல்ற வார்த்தையில நிக்குதுன்னு தெரிஞ்சதும், அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒழுங்கா ஹோம்வொர்க் பண்ணினேன்.

*190 குதிரைன்னா எவ்வளவு?*

ஸ்பெக் ஷீட் இதுதான். 1,340 சிசி, நாலு சிலிண்டர். 9,700 ஆர்பிஎம்ல 190 பிஎஸ். 7,000 ஆர்பிஎம்ல 150 நியூட்டன் மீட்டர் டார்க். எடை 266 கிலோ. 20 லிட்டர் டேங்க். 2021-ல இந்தியாவுல இது வந்தப்போ ஷோரூம் விலை 16 லட்சத்து 40 ஆயிரம்.

பிஎஸ்ங்கறது ஜெர்மன்காரங்களோட குதிரைத் திறன். ஒரு நொடியில 75 கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்கினா ஒரு குதிரை. அப்போ 190 குதிரைன்னா, ஒரு நொடியில 14 டன்னை ஒரு மீட்டர் தூக்குற சக்தி. துறைமுகத்துல ஒரு கன்டெய்னரை கிரேன் தூக்குறதைப் பாத்திருப்பீங்க. அந்த மாதிரி சக்தியை ரெண்டு தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காரணும்.

அடுத்தது ஸ்போர்ட் டூரர்னா என்னன்னு பாத்துடுவோம். வேகமாவும் போகணும், நாள் முழுக்க அலுப்பில்லாமலும் போகணும். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. வேகத்துக்குக் குனிஞ்சு படுக்கணும். தூரத்துக்கு நிமிர்ந்து உக்காரணும். இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல சமாதானம் 1976-ல வந்துச்சு, பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ். இத்தாலியில பினின்ஃபரினா நிறுவனத்தோட காற்றுச் சுரங்கத்துல சோதிச்சு உருவாக்கின முழு ஃபேரிங், அதாவது காத்தைத் தடுக்குற முன் கவசம், அதுல இருந்துச்சு. சக்தி வெறும் 70 பிஎஸ். 1990-ல ஹோண்டா எஸ்டி 1100 வந்துச்சு. 28 லிட்டர் டேங்க், செயினுக்குப் பதிலா ஷாஃப்ட், ரெண்டு பக்கமும் பெட்டி. ஐரோப்பாவோட அகல சாலைகள்ல ஒரே நாள்ல நாடு தாண்டிப் போறவங்களுக்காகச் செஞ்சது.

இன்னொரு பக்கம் வேகப் போட்டி. 1990-ல கவாசாகி இசட்இசட்ஆர் 1100, 1996-ல ஹோண்டா பிளாக்பேர்ட், 1999-ல ஹயபுசா. பேரே ஒரு சீண்டல்தான். பிளாக்பேர்ட் ஒரு சின்னப் பறவை. ஹயபுசான்னா ஜப்பான் மொழியில பொரி வல்லூறு, பறக்குற பறவைகளைப் பாய்ஞ்சு பிடிக்கிற வேட்டைக்காரன். முதல் ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுச்சு. இப்படியே போனா ஐரோப்பிய அரசுகள் தடையே போட்டுடும்னு பயம் வந்து, அதுக்கடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள கம்பெனிங்க எல்லாம் 299-ல நிறுத்திக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இந்தப் பேரு பரவினது 2004-ல 'தூம்' படம் வந்த பிறகு. அந்த வயசுல இருந்த பசங்க மனசுல அது அப்படியே தங்கிடுச்சு. அண்ணனுக்கு அப்போ காலேஜ் வயசு.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க. 2008-ல வந்த ரெண்டாவது தலைமுறைக்கு 197 பிஎஸ். 2021-ல வந்த மூணாவதுக்கு 190. பதிமூணு வருஷம் கழிச்சு வந்த வண்டியில உச்ச சக்தி குறைஞ்சிருக்கு. அதுக்குப் பதிலா நடு ஆர்பிஎம்ல இழுவை, வண்டி சாயுற கோணத்தைப் படிக்கிற ஆறு அச்சு சென்சார், சாய்வுக்கு ஏத்த மாதிரி வேலை செய்யுற ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், குரூஸ் கன்ட்ரோல். செஞ்சவங்களுக்கே புரிஞ்சிருக்கு, இன்னும் ஏழு குதிரை யாருக்கும் தேவையில்லைன்னு.

*பழையகாயல் டீக்கடை*

ஆடி மாசம். காலையில அஞ்சரைக்குக் கிளம்பினோம். ஹயபுசாவுல நான், என் வண்டியில அண்ணன். திட்டம் இதுதான்: தூத்துக்குடியிலேர்ந்து கடலோரமா திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. திரும்பும்போது நாலு வழிச் சாலையில நாகர்கோவில் பக்கமா ஏறி திருநெல்வேலி வழியா வீடு. அதாவது முத்துக் கடற்கரை முழுக்க ஒரு சுத்து.

முள்ளக்காடு தாண்டும்போது ரெண்டு பக்கமும் உப்பளம். வண்டியை சி மோடுல போட்டிருந்தேன். மூணு மோடுல அதுதான் சாது. முதல் இருபது கிலோமீட்டர்ல எனக்குப் பட்டது ஒண்ணுதான்: வண்டிக்கு போர் அடிக்குது. முதல் கியர்லயே நூறைத் தாண்டுற வண்டி அது. 60-ல மூணாவது கியர்ல போறப்போ, ஒரு பெரிய மிருகம் கொட்டாவி விடுற மாதிரி இருக்கும். வேகத்தடை வந்தா நமக்குத்தான் பயம். தரைக்கும் வண்டி வயித்துக்கும் இடையில சுமார் 125 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தடையையும் குறுக்கா ஏறி இறங்கணும்.

பழையகாயல்ல டீக்கு நிறுத்தினோம். கடைக்காரர் வண்டியைச் சுத்திப் பாத்துட்டு, "தம்பி, இது எத்தன குதிர?"ன்னு கேட்டார். 190-ன்னு சொன்னேன். "இந்த ஊருக்குக் குதிர ஒண்ணும் புதுசு இல்ல"ன்னு சிரிச்சார். அவர் சொன்னது முழு உண்மை.

தாமிரபரணி கடலை நோக்கி மண்ணைத் தள்ளிக்கிட்டே இருக்குற ஆறு. சங்க காலத்துல பாண்டியரோட முத்துத் துறைமுகம் கொற்கை. அது மண் மூடினதும் கடலுக்கு இன்னும் பக்கத்துல காயல் வந்துச்சு. அதுவும் பிறகு உள்ளே தள்ளிப் போயிடுச்சு. இன்னிக்கு ஆறு கடல்ல சேர்றது புன்னக்காயல்ல. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இந்தப் பகுதியில் தோண்டிப் பார்த்து, மார்க்கோ போலோ எழுதிய 'காயில்' என்ற துறைமுகம் இந்தப் பழையகாயல்தான் என்று அடையாளம் சொன்னார்.

மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தது 1290-களின் தொடக்கத்தில். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. போலோ எழுதுறதைச் சுருக்கமாச் சொல்றேன். ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைமுகங்கள்லேர்ந்து குதிரை ஏத்தின கப்பல்கள் காயலுக்கு வரும். இந்த நாட்டுல நல்ல குதிரை பிறக்கறதில்லை. ஒரு ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல வாங்குறார். அவரோட நாலு சகோதரர்களும் அப்படியே. ஏன் வருஷா வருஷம் வாங்கணும்? வருஷக் கடைசியில நூறு கூட உயிரோட இருக்கறதில்லை.

ஏன் சாகுது? போலோ சொல்ற காரணம்: பராமரிக்கத் தெரியல. சமைச்ச சோறும் கறியும் தீனியாப் போடுறாங்க. லாடம் அடிக்க, வைத்தியம் பாக்க ஆள் கிடையாது. இதுக்கு அடுத்து அவர் சொல்றதுதான் என்னை உலுக்கினது. குதிரை வியாபாரிங்க லாடம் அடிக்கிற ஆளைக் கூட்டிட்டு வர்றதில்லை. வேற யாராவது வரப் பாத்தாலும் தடுத்துடறாங்க. குதிரை சாகாம இருந்தா அடுத்த வருஷம் யாருக்கு விக்கிறது?

இன்னொருத்தர் வஸ்ஸாஃப். பாரசீக வரலாற்றாசிரியர்; ஷீராஸ்ல உக்காந்து, வணிகர்கள் சொன்னதை வச்சு எழுதினவர். அவர் கணக்குல ஒரு குதிரை விலை 220 தினார், செம்பொன். மாபார், காம்பே, பக்கத்துத் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை. ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை உண்டு: வர்ற வழியில கடல்ல குதிரை செத்துப்போனாலும், அடிபட்டாலும், முழு விலையையும் ராஜா கஜானா கொடுத்துடணும்.

இதுல விக்கிறவர் யாரு? கிஷ் தீவுல இருந்த ஜமாலுத்தீன்ங்கற பெரு வணிகர். காயல் உள்பட துறைமுகங்களை நிர்வாகம் பண்ணிக்கிட்டு, பாண்டிய அரசருக்கு ஆலோசகரா இருந்தவர் யாரு? ஜமாலுத்தீனோட சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். விக்கிறவரும் சகோதரர், வாங்கச் சொல்றவரும் சகோதரர். இன்னிக்கு பைக் ரிவ்யூ வீடியோ பாக்கும்போது, கீழ 'ஸ்பான்சர்ட்'னு சின்ன எழுத்துல இருக்கான்னு தேடுவோம் இல்லையா? அந்தப் பழக்கத்துக்கு இந்தக் கடற்கரையில எழுநூறு வருஷ நியாயம் இருக்கு.

ஒண்ணு சொல்லணும். இந்த ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்க. "அவங்களுக்குக் குதிரை வளர்க்கவே தெரியாது"ங்கறதுல கொஞ்சம் ஏளனமும், எண்ணிக்கையில கொஞ்சம் மிகையும் இருக்கலாம். போர்ல செத்த குதிரையும் அந்தக் கணக்குல சேர்ந்திருக்கும். தமிழ் மன்னர்கள் கிட்ட அதுக்கு முன்னாடியே பல நூற்றாண்டாக் குதிரைப் படை இருந்துச்சு. ஆனா ரெண்டு பேருமே ஒரே விஷயத்தைத் தனித்தனியாச் சொல்றாங்க: பெரும் பணம் கொடுத்து வாங்கின குதிரை இந்த ஊர்ல நிலைக்கல.

அந்தப் பணம் எங்கேர்ந்து வந்துச்சு? கோயில் சொத்துகளோட வருமானத்தை வஸ்ஸாஃப் சொல்றார். முத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்குன்னு போலோ சொல்றார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சுறா இருக்குற கடல்ல இறங்கின பரதவர் எடுத்த முத்து. குளிச்சவங்க யாரும் அந்தக் குதிரையில ஏறியிருக்க மாட்டாங்க. எனக்கு உடனே மதினி முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

*நரிக் குதிரை, செம்மண், பக்கக் காத்து*

நம்ம ஊர்க் கதையிலயும் இந்தப் பயம் இருக்கு. மாணிக்கவாசகர் பாண்டியனோட அமைச்சர். குதிரை வாங்கன்னு கஜானாப் பணத்தோட போய், திருப்பெருந்துறையில கோயில் கட்டிடுறார். சிவபெருமான் நரிகளைக் குதிரையாக்கி அனுப்பி வைக்கிறார். ராத்திரி அதெல்லாம் மறுபடி நரியாகி, லாயத்துல இருந்த பழைய குதிரைகளையும் கடிச்சுட்டு ஓடிடுது. நான் பக்திக் கதையைக் குறைச்சுச் சொல்லல. ஆனா இந்தக் கதையை முதல்ல கேட்ட ஜனங்களுக்கு, ராஜா பெரிய விலை கொடுத்து வாங்குற குதிரை பத்தி நல்லாவே தெரிஞ்சிருக்கணும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கின யாருக்கும் அது புரியும். பகல்ல குதிரை, வீட்டுக்கு வந்தா நரி.

இந்த வண்டி நரி இல்ல. சர்வீஸ் ரெக்கார்டு ஒழுங்கா இருந்துச்சு. ஸ்டீயரிங் பேரிங், செயின், பிரேக் டிஸ்க், ஃபோர்க் சீல் எல்லாம் பாத்தேன். சுத்தம்.

திருச்செந்தூர் தாண்டி உடன்குடிப் பக்கம் போனா தேரி, செம்மண் மேடுகள். அங்க ஒரு தேரிக்குப் பேரே குதிரைமொழித் தேரி. ஆடிக் காத்து மேற்கேர்ந்து அடிச்சு, செம்மணலை ரோட்டு மேல மெல்லிசாத் தூவி வச்சிருக்கும். ஒரு வளைவுல பின் சக்கரம் லேசா வழுக்குச்சு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மின்னுச்சு. அடுத்த நொடி ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி போயிடுச்சு. என் பழைய வண்டிகள்ல இருந்திருந்தா மணல்ல விழுந்திருப்பேன். அந்த எலக்ட்ரானிக்ஸுக்கு அங்கயே ஒரு கும்பிடு போட்டேன்.

குலசேகரப்பட்டினம், மணப்பாடு, உவரி. ஊர்களுக்குள்ள ரோடு குறுகல். மீன் வண்டி, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பத்து மணிக்கெல்லாம் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சு, சூடு முழங்கால்ல அடிச்சுது. மணிக்கட்டு வலி. 47 குதிரை வண்டியில அண்ணன் நிமிர்ந்து உக்காந்து, கடலைப் பாத்துக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு வந்தார்.

ஆனா கூடங்குளம் தாண்டினதும் ஆட்டம் மாறுச்சு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து. பாக்குற இடமெல்லாம் காற்றாலை. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. என் வண்டியில அண்ணன் ஒரு பக்கமாச் சாஞ்சே போராடிக்கிட்டு வந்தார். ஹயபுசா தன்னோட எடையிலயும் நீளத்துலயும் நேரா நின்னுச்சு. ஃபேரிங்குக்குப் பின்னாடி நெஞ்சுல காத்தே இல்ல. கன்னியாகுமரியிலேர்ந்து திரும்பி நாலு வழிச் சாலை ஏறினதும், எதுக்காக இதைச் செஞ்சாங்கன்னு புரிஞ்சுது. 80-ல குரூஸ் கன்ட்ரோல் போட்டா, ஆறாவது கியர்ல எஞ்சின் முணுமுணுக்குது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வாக்குல மீட்டர் காட்டுச்சு. நாள் முழுக்க இப்படிப் போகலாம். நல்ல ரோடு, நீண்ட தூரம், அனுபவம் உள்ள கை. இந்த மூணும் சேர்ந்தா இதைவிட நிம்மதியான வண்டி நான் ஓட்டினதில்லை.

*எத்தனை குதிரை ஓடுது?*

ஏன் 80? மத்திய அரசோட 2018 அறிவிப்பு நாலு வழிச் சாலையில பைக்குக்கு வச்ச உச்ச வேகம் அதுதான். ரெண்டு வழிச் சாலையில 60.

அப்போ ஒரு கணக்கு போட்டேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 340 கிலோன்னு வைங்க. சீரா ஒரே வேகத்துல போக ரெண்டு தடையைத்தான் வெல்லணும்: டயர் உருளுற தடை, காத்து. காத்துத் தடை வேகத்தோட வர்க்கமா ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தி கன மடங்கா ஏறும். என் தோராயக் கணக்குல 80-ல போக 5 குதிரை போதும். 100-க்கு 8 குதிரை. 200-க்கு 50. 300-க்கு 160-க்கும் மேல. கியர்லயும் செயின்லயும் போற இழப்பையும் சேர்த்தா, 190 ஏன் வேணும்னு தெரியுது. கடைசி நூறு கிலோமீட்டர் வேகத்துக்காக மட்டுமே நூறு குதிரைக்கு மேல லாயத்துல கட்டி வச்சிருக்கோம்.

ஓவர்டேக் பண்ண இழுவை வேணுமேன்னு கேப்பீங்க. வேணும். ஆனா அந்த வேலையை எழுபது எண்பது குதிரை வண்டியே தாராளமாச் செஞ்சுடும்.

அடுத்தது நிக்கிற கணக்கு. இதுக்கும் நம்ம கடற்கரையில ஒரு பழைய பாடம் இருக்கு. முத்து வியாபாரிங்க விலை போட 'செவ்வு'ன்னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. மஞ்சாடியில எடை போட்டு, அந்த எடையை அதே எடையால பெருக்கி வர்றதை வச்சு மதிப்பு. அதாவது எடை ரெண்டு மடங்குன்னா மதிப்பு நாலு மடங்கு. பிரேக் பிடிச்சு நிக்கிற தூரமும் அச்சா அதே கணக்குதான். நல்ல ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்னு வச்சா 60-லேர்ந்து நிக்க 17 மீட்டர்; 120-லேர்ந்து 69 மீட்டர். இது பிரேக் பிடிச்ச பிறகு. கண்ணு பாத்து கை அழுத்துற ஒரு நொடியையும் சேர்த்தா 120-ல 100 மீட்டரைத் தாண்டும். ராத்திரியில லோ பீம் தெளிவாக் காட்டுறது 50 மீட்டர் வாக்குல.

இதை நான் சும்மா சொல்லல. என் கூடப் படிச்ச ஒருத்தன் 2016-ல, ராத்திரி, துறைமுகத்துக்குப் போற பைபாஸ்ல, லைட் இல்லாம ஓரமா நின்ன ஒரு டிரெய்லர் பின்னாடி போய் மோதிட்டான். 150 சிசி வண்டிதான். அவன் வீட்டுக்கு நாங்க போனப்போ அவங்கம்மா எங்க எல்லார் கையையும் பிடிச்சுப் பாத்தாங்க, எல்லாரும் முழுசா இருக்கோமான்னு. பெரிய வண்டிதான் ஆளைக் கொல்லும்னு சொல்றவங்க கிட்ட நான் இவனைப் பத்திச் சொல்வேன். பெரிய வண்டியில ஆபத்து வேற மாதிரி. அதுல 120 போறப்போ 70 போற மாதிரி இருக்கும். காத்து தெரியாது, அதிர்வு தெரியாது, சத்தம் தெரியாது. நீ எவ்வளவு வேகத்துல போறன்னு சொல்ற எல்லாத்தையும் மறைச்சுடறதுதான் நல்ல ஸ்போர்ட் டூரரோட திறமை. ஓட்டுறவர் அதுக்குப் பழகலன்னா அதுவே அவருக்குப் பகை.

அனுபவம் உள்ளவங்களுக்கான வண்டின்னு சொல்றது இதனாலதான். இருபது வருஷம் சின்ன வண்டி ஓட்டின அனுபவம் பெரிய சொத்து, சந்தேகமில்ல. ஆனா 266 கிலோவை நிறுத்துறது தனி வித்தை. டிராக்ல ரெண்டு நாள் பயிற்சி எடுத்தா, பிரேக்கை எவ்வளவு அழுத்தலாம், பார்வை எங்க இருக்கணும்னு உடம்பு கத்துக்கும். சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையிலயும் கோயம்புத்தூர்லயும் டிராக் இருக்கு.

*மதினிக்குச் சொன்னது*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அண்ணன் குளிக்கப் போனார். மதினி சமையல்கட்டு வாசல்ல நின்னு, "சொல்லு"ன்னாங்க.

உள்ளதைச் சொன்னேன். "குதிரை நல்ல குதிரை, மதினி. நரி கிடையாது. அண்ணனும் நல்லா ஓட்டுறவர்தான். ஆனா இந்த வண்டியோட செலவு வாங்குறதோட முடியாது. பின் டயர் சின்ன வண்டி மாதிரி வருஷக்கணக்கா வராது. உப்புக் காத்துல செயினை வாரா வாரம் பாக்கணும். பெரிய சர்வீஸுன்னா வேற ஊருக்குப் போகணும். நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், பயிற்சி, இதுக்கெல்லாம் முதல்லயே தனியாப் பணம் எடுத்து வைக்கணும். வண்டிக்குப் பணம் இருந்து இதுக்கு இல்லன்னா, அது லாடக்காரன் இல்லாம குதிரை வாங்குற மாதிரி. அப்புறம், லோன் போட்டு வாங்கினா வண்டி ஓடினாலும் ஓடாட்டாலும் இஎம்ஐ போகும்." கடல்ல செத்த குதிரைக்கும் கஜானா பணம் கட்டின கதையையும் சொன்னேன்.

மதினி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எம்பதுல போனா எத்தன குதிர ஓடும்னு சொன்ன?"

"அஞ்சு."

"அப்போ மிச்சம் நூத்தியெம்பத்தஞ்சுக்கும் யாரு தீனி போடுறது? நான்தான?"

எனக்குப் பதில் இல்ல. பின்னாடி துண்டோட நின்ன அண்ணனுக்கும் இல்ல.

வண்டி கோயம்புத்தூர்லயே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. அண்ணன் என்கிட்ட ரெண்டு வாரம் பேசல. அப்புறம் ஒரு நாள் அவரே போன் பண்ணி, "ஏல, அந்த டிராக் பயிற்சி எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லு"ன்னார். கேட்டுச் சொல்லியிருக்கேன். வாங்க மாட்டேன்னு அவர் சொல்லல; லோன் இல்லாம, வீட்டு அஸ்திவாரம் போட்ட பிறகுதான்னு சொல்லியிருக்கார். மதினியும் அதுக்குச் சரின்னுட்டாங்க.

பாண்டியரோட குதிரைகள் என்ன ஆச்சு? குலசேகர பாண்டியனுக்குப் பிறகு மகன்கள் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. 1311-ல் மாலிக் காஃபூர் படையோடு தெற்கே வந்து, யானைகளோடு குதிரைகளையும் தில்லிக்கு ஓட்டிக்கொண்டு போனார். காயல் மண் மூடுச்சு. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. இன்னிக்குப் பழையகாயல்ல நிறுத்தினா, குதிரை இறங்கின துறைன்னு காட்ட ஒண்ணும் இல்ல. ரோடு, உப்பளம், ஒரு டீக்கடை.

அந்தப் பக்கம் போனா அந்தக் கடையில ஒரு டீ குடிங்க. உங்க வண்டி எத்தனை குதிரைன்னு கேப்பார். எத்தனை குதிரைக்கு நீங்க தீனி போடுறீங்கன்னும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஹெல்மெட் ஸ்ட்ராப்பைப் போடுங்க, ராத்திரி பைபாஸ்ல மெதுவாப் போங்க.